அப்பாவின் பெயரைச் சுமந்தவன்

பிப்ரவரி 4
இன்று எங்கள் வடதுருவ ஊர் ரேடியோவில் சட்டக் குறிப்பு வாசித்தேன். அடி வாங்குகிறவள் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை, அடிக்கிறவனைத்தான் வெளியே அனுப்பச் சொல்லலாம். நீதிமன்றத்தில் போனிலேயே கேட்கலாம். அவள் சம்மதித்தால் சொந்தக்காரர்களும் கேட்கலாம். நன்றாக வாசித்தேன் என்று இரண்டு பேர் போனில் பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால் மருமகள் மியாலியாவின் கன்னம் வீங்கியிருக்கிறது. ஸ்னோமொபைல் பனிவண்டியின் கைப்பிடி பட்டுவிட்டதாம். சரி என்று கேட்டுக்கொண்டேன். கரிபூ மானின் நாக்கை வெட்டி இட்டுலுக்கின் முன்னால் வைத்து, சாப்பிடுங்கள் அப்பா என்றேன்.

என் மகன்தான். என் அப்பா இறந்த குளிர்காலத்தில் பிறந்தவன், அவர் பெயரையே வைத்தோம். பெயர் வந்தால் எங்களுக்கு ஆளே திரும்பி வந்த மாதிரி. அவனும் என்னை மகளே என்றுதான் கூப்பிடுவான். அப்பாவை யார் திட்டுவது? நான் ஒரு நாளும் திட்டியதில்லை.

பிப்ரவரி 7
பனிப்புயல். விமானம் வரவில்லை. மூன்று பேரும் வீட்டுக்குள்ளேயே.

பிப்ரவரி 11
பாத்திரம் கழுவிக்கொண்டே மியாலியா கேட்டாள். "அத்தை, ரேடியோவுல படிச்சீங்களே, அது நம்ம வீட்டுக்கும் உண்டா?"

வெயில் காலம் வந்து வேட்டைக்குப் போனால் சரியாகிவிடுவான் என்றேன். அவள் கேட்டது என்ன, நான் சொன்னது என்ன? சீ.

பிப்ரவரி 16
மியாலியாவின் மணிக்கட்டை உடைத்துவிட்டான். நர்ஸுக்கு எங்கள் மொழி தெரியாது, நான்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். பனியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள் மியாலியா, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. அதை அப்படியே நர்ஸிடம் சொன்னேன். ஐயோ, நானும் சேர்ந்துதானே உடைத்தேன் —

பிப்ரவரி 17
சித்தப்பா மகள் ஸீபாவைப் பார்க்கப் போனேன். இந்த மாதிரி வழக்குகளில் உதவுவதுதான் அவள் வேலை. அப்பாவின் பெயருக்குக் குறை வந்துவிடுமே என்று அழுதேன்.

"ஊருக்கெல்லாம் படிக்கிறே, உன் வீட்டுல ரேடியோ கேக்காதாக்கா? பெரியப்பா யார் மேலயாவது கை நீட்டினாரா? அவர் பேரை வெச்சுக்கிட்டு அடிக்கிறவனுக்கு நீ காவல் நிக்கிறே."

வீட்டுக்கு வந்து மியாலியாவிடம் கேட்டேன், உனக்காக நான் போன் செய்யட்டுமா என்று. புருவத்தை உயர்த்தினாள். எங்களிடம் அதற்குச் சரி என்று அர்த்தம்.

பிப்ரவரி 18
ஸீபா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போனில் நீதிமன்ற அதிகாரி நிதானமாகத்தான் கேட்டார். "அடிச்சவரு உங்களுக்கு என்ன வேணும்?"

அப்பா என்றுதான் வாயில் வந்தது. விழுங்கினேன்.

"மகன்."

பிப்ரவரி 20
நேற்று உத்தரவோடு போலீஸ்காரர் வந்து இட்டுலுக்கை அவன் மாமா வீட்டுக்குக் கூட்டிப் போனார். துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டார். பூட்ஸை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். மகளே என்று ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பயந்துகொண்டு நின்றேன்.

"வரேம்மா," என்றான்.

இந்த வயதில், முதல் முறையாக அம்மா என்கிறான். கோபத்தில் சொன்னானா? தெரியவில்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே நான் அம்மாவாக இருந்திருக்க வேண்டும்.

மியாலியா இன்று மத்தியானம் வரை தூங்கினாள். நான் எழுப்பவில்லை.