ஜாலா மரத்தை உரிப்பவன்

ஆகஸ்ட் 4, செவ்வாய்

இன்றைக்கும் உரித்திருக்கிறான். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தால், என் ஜாலா மரம் இடுப்புயரத்தில் தோல் போய், சிவப்புச் சதை தெரிய நிற்கிறது. ஈரமாக, பச்சைப் புண்ணாக. என் கடை என்பது நான்கு பெஞ்சும் இந்த நிழலும்தான். மரம் பட்டுப்போனால் இந்தச் செகூ ஊர் வெயிலில் எந்த லாரி டிரைவர் உட்கார்ந்து சாப்பிடுவான்?

யார் என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. எதிரில் மேசை போட்டு மூலிகை விற்கும் மாடூ த்ரவோரே. மழை பிடித்ததிலிருந்து ஊரெல்லாம் மலேரியா. கஷாயத்துக்கு ஒரு துண்டு பட்டை, வீங்கின முட்டிக்கு ஊறவைத்துக் கட்ட ஒரு துண்டு என்று விற்றுத் தள்ளுகிறான். ஊருக்கு வெளியே போனால் எத்தனையோ மரம். சோம்பேறிக்கு என் மரம்தான் கைக்கு எட்டுகிறது.

ஆகஸ்ட் 5, புதன்

நேருக்கு நேர் கேட்டேன். “திருட்டு நாயே, தெருப் பக்கம் ஒரு சாண் பட்டைதான் மிச்சம் இருக்கு. அதையும் உரிச்சா சுத்தி வளைச்ச மாதிரி ஆயிரும், மரம் செத்துரும்” என்றேன்.

பல்லைக் காட்டினான். “ஏ பயறுதின்னி, காலங்காத்தால எத்தனை சட்டி பயறு உள்ள போச்சு? இந்தக் கத்து கத்துற.”

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என்ன செய்ய? அவன் த்ரவோரே, நான் ஜாரா. பூட்டன் காலத்திலிருந்து இரண்டு குலமும் கேலிமுறை; ஜாராக்களைப் பயறுதின்னி என்பது அவர்கள் வழக்கம். நான் வயிறெரிந்து திட்டினாலும் கேலிக் கணக்கில்தான் போகும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவமானம் எனக்கு. அவன் கொண்டுவந்து கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. சே, என்ன முறையோ.

ஆகஸ்ட் 7, வெள்ளி

நகராட்சிக்குப் போனேன். மரங்களுக்கு என்று ஓர் அதிகாரி இருக்கிறாராம். கதவில் பெயர்: இவரும் த்ரவோரே. திரும்பி வந்துவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டார். சித்தான் ஜாரா என்று என் பெயரைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஜாராவா? உங்க ஆளுங்களுக்குப் பயத்தங்கொடிதானம்மா முக்கியம், மரம் எதுக்கு?” அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, திங்கள்

பேசிப் பயனில்லை. ஆட்டுப் புழுக்கையையும் மீன் குடலையும் வாளியில் கரைத்து, ஒரு நாள் வெயிலில் வைத்து, அந்த ஒரு சாண் பட்டையில் கையாலேயே பூசிவிட்டேன். இனி தொடட்டும் பார்க்கலாம்.

கையை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை. அந்தக் கையால்தான் கடலைக் குழம்பு கிண்டினேன்.

ஆகஸ்ட் 12, புதன்

ஈ. ஒரே ஈ. டிரைவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு ஃபதுமாத்தா கடைக்குப் போய்விட்டார்கள். நான் விரட்டினது என் வாடிக்கைக்காரர்களைத்தான். ஆனால் பட்டை அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பட்டை இருக்கிறது. மூட்டெல்லாம் வலி. மழையில் நனைந்ததாக இருக்கும்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

குளிர். மூன்று போர்வை. தங்கை நியெலே சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். விரலில் குத்திப் பார்த்து மலேரியா என்றார்கள். மாத்திரை. உள்ளே போனது வெளியே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

மாடூ வந்தான். கையில் மண்சட்டி, ஆவி பறக்க.

“குடி, பயறுதின்னி. நீ செத்துட்டா நான் யாரைத் திட்டுறது?”

அந்த வாசனை — ஐயோ, அது எனக்குத் தெரிந்த வாசனை. “பட்டையைக் கழுவுனியா?” என்றேன்.

“மழையே கழுவியிருக்கும். எவனோ கேடு கெட்டவன் மரத்துல அசிங்கத்தைப் பூசி வச்சிருக்கான். நல்லாத்தான் கொதிக்க வச்சேன், குடி.”

என்ன சொல்ல முடியும்? அந்தக் கேடு கெட்டவன் நான்தான் என்றா? மறுக்கவும் முடியாது, நியெலே வேறு தலையைப் பிடித்துக்கொண்டாள். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. அதற்கடியில் ஆடும் மீனும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். சாயந்திரமும் கொண்டுவந்தான். மாத்திரையையும் நியெலே விடவில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

வியர்த்துக் கொட்டி எழுந்தேன். கஞ்சி தங்கியது. மாத்திரையா, மாடூவின் சாக்கடைத் தண்ணீரா — யார் கண்டார்கள். நியெலே இரண்டுக்கும் புண்ணியம் என்கிறாள்.

ஆகஸ்ட் 22, சனி

கடை வரை நடந்தேன்.

மரத்தைச் சுற்றிப் பட்டை இல்லை. அந்த ஒரு சாணும் இல்லை. சுற்றிவரச் சிவப்பு.

எனக்கு ஏன் தோன்றவில்லை? அன்றைக்கு அந்த நாற்றத்தை முகர்ந்தபோதே தெரிந்திருக்க வேண்டாமா? ஆட்டுப் புழுக்கையை நினைத்துக் குமட்டிக்கொண்டிருந்தேனே தவிர, எந்தப் பட்டை என்று யோசித்தேனா?

மாடூ மேசைக்குப் பின்னால் குனிந்து வேர் நறுக்கிக்கொண்டிருந்தான். போய் நின்றேன். நிமிராமலே சொன்னான்: “ரெண்டு நாளா நீ கண்ணே தொறக்கலன்னு நியெலே வந்து அழுதா. வண்டி பிடிச்சு ஊருக்கு வெளிய இருக்குற மரத்துக்குப் போயி வர நேரமில்ல, சித்தான். கையில இருந்ததெல்லாம் வித்துப்போச்சு.”

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். காரணம் ஆடும் இல்லை, மீனும் இல்லை. அந்தக் கடைசிச் சாண் பட்டையைச் சட்டி வழித்துக் குடித்தேனே, அதுதான்.

செப்டம்பர் 27, ஞாயிறு

இலை பழுத்துக் கொட்டுகிறது, இந்த மழையிலும். நகராட்சியிலிருந்து வந்து, வெட்டுவதற்கென்று தண்டில் வெள்ளைக் குறி போட்டுவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் மாடூ தன் மேசைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துக் கொண்டுவந்து என் பெஞ்சுகளுக்கு மேலே இழுத்துக் கட்டினான். அவன் மேசை வெயிலில் கிடந்தது. டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, திருட்டு நாயே, மரத்தைத் தின்றவனே என்று திட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். மாடூ சிரிக்கவில்லை. கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டு, “சரிதான்” என்றான்.

சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டான்.