வெட்டு மூலை

மயிலாப்பூர்,
20-3-1974

சிரஞ்சீவி கபாலிக்கு, அக்கா ஜானுவின் ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம். கோபம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. நீயும் குழந்தைகளும் எப்படி இருக்கிறீர்கள்? டில்லிக் குளிர் விட்டதா?

வீட்டை இடித்துக் கடை கட்ட நீ அனுப்பிய பிளானும், என் சம்மதம் கேட்கிற பத்திரமும் வந்தன. கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

உன் இன்ஜினீயர் வந்தார். நம்மாத்து மூலையைப் பார்த்து, இப்படிச் சாய்வாக வெட்டி இடத்தை வீணடித்த மகானுபாவர் யார் என்று சிரித்தார். தேர் திரும்புகிற இடம், அதனால் எங்கள் தாத்தா விட்டுக் கட்டினார் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. மூலையைச் சதுரமாக்கினால் கடை பெரிசாகும், கார்ப்பரேஷன் அனுமதியும் வந்தாச்சு என்று சொல்லி, செங்கல் அடுக்கி அடையாளம் வைத்துவிட்டுப் போனார். கார்ப்பரேஷன் சீல் குத்தினால் தேர் ஒதுங்கிப் போய்விடுமா?

நேற்று மூங்கில் வந்தது. உனக்கு மறந்திருக்கும். தேர் அகலத்துக்கு வெட்டின மூங்கிலைத் தெரு முழுக்கக் கொண்டுவருவார்களே, அதுதான். கடைப் பலகையோ தட்டிப்பந்தலோ, எதில் இடிக்கிறதோ அதைத் தேருக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். நம் மூலையில் ஒரு முனையை நம்மாத்து ஆள்தான் பிடிப்பது வழக்கம். ஆத்தில் புருஷா யாருமில்லையா என்று ஒருத்தர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தக் கிளம்பி நின்றவள், புடவையை இழுத்துச் செருகிண்டு நானே பிடித்தேன். பொம்மனாட்டி பிடிக்கலாமா என்று முணுமுணுத்தார்கள். பிடித்தாச்சே, இனி என்ன பண்ணுவார்கள்!

மூங்கில் திரும்பினபோது நேரே அந்தச் செங்கலில் போய் முட்டியது. தெருவே என்னைப் பார்த்தது. மானம் போயிற்று, கபாலி. எல்லாவற்றையும் காலால் எட்டித் தள்ளினேன். கட்டைவிரல் இன்னும் வீங்கிக் கிடக்கிறது.

புதுசே கூடாதென்று நான் சொல்லவில்லை. சமையலுள் சுவரை இடித்து கேஸ் அடுப்பு வைத்தவளே நான்தான். கடை கேட்டு வந்த தி.நகர் ஜவுளிக்காரர் சண்முகவேலிடமும், கூடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றுங்கள், முகப்பையும் மூலையையும் தொடாதீர்கள் என்றேன். தேர் திரும்புகிற வாசலில் கடை கிடைத்தால் அதுவே போதும் என்று அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். இடிக்கத் துடிப்பவன் நீ ஒருத்தன்தான்.

வீட்டைக் கொடுத்துவிட்டு டில்லியில் வந்து நிம்மதியாக இரு என்கிறாய். அம்மா காரியத்துக்கு அப்புறம் நீ இந்த வாசலை மிதிக்கவே இல்லை. கண்ணால் பார்க்காத வீட்டை இடிப்பது சுலபம். நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது.

தேருக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி வா. மூலையில் நின்று தேர் திரும்புவதைப் பார். அப்புறமும் இடிக்கத்தான் வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

அடுத்த வருஷம் மூங்கிலை யார் பிடிப்பது என்று இப்போதே கேட்கிறார்கள். எங்காத்துக் கபாலி பிடிப்பான் என்று சொல்லிவிட்டேன். தெருவுக்கு நடுவில் நின்று சொன்ன வார்த்தை, அதைப் பொய்யாக்கிவிடாதே. தீர்க்காயுசாக இரு.

உன் அக்கா,
ஜானு