எழுபது வளைவுகளும் அத்தையின் பேச்சும்

மார்ச் 4

அன்பு மருமகளே,

வெந்நீர் ஊற்றில் ஊறிய உடம்பு இரும்பாகிவிட்டது. அறுபத்தெட்டு வயது என்றால் யாரும் நம்புவதில்லை. தொண்ணூறு மைல் மலைப்பாதை, எழுபது வளைவு. நம் பழைய காரை ஒற்றைக் கையால் ஓட்டினேன். இடிந்த கோட்டையின் காவலாளி சல்யூட் அடித்து, இவ்வளவு பூப்போல வண்டி ஓட்டி வந்த ஆளை இதுவரை பார்த்ததில்லை என்றார். இரண்டாயிரம் வருஷத்துத் தூண்கள், ஒவ்வொன்றும் வானத்தை இடிக்கிறது. ஊற்றில் முட்டை போட்டால் அவிந்துவிடும். நான் இறங்கி உட்கார்ந்து பாட்டே பாடினேன்.

ஒரே தொந்தரவு உன் அத்தை. "இடது பக்கம் பள்ளம், எதிர்ல லாரி வருது, வளைவு, மெதுவா" என்று வழியெல்லாம் வாய் ஓயவில்லை. ரேடியோ கேட்க விட்டால்தானே. அடுத்த மாதம் உன் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

உன் வீர தீர மாமா

மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

முதல்முறை படித்துச் சிரித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. நானும் பள்ளி வேன் ஓட்டுகிறவள்தான். எதிரே லாரி வருவதைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டியிருந்தால், அது அரட்டை இல்லை மாமா. கண் டாக்டரிடம் எப்போது போனீர்கள்? கோபித்துக்கொண்டாலும் சரி, என் பெண்ணை அந்தக் காரில் ஏற்ற மாட்டேன். அத்தையையும் ஏற்றாதீர்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 29

அன்பு மருமகளே,

இரண்டு வாரம் கோபத்தில் பேனாவையே தொடவில்லை. வேன் ஓட்டுகிற திமிர் என்று உன்னைத் திட்டித் தீர்த்தேன். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். திரும்பும்போது, மலை இறங்கி ஆளில்லாத நேர் ரோட்டுக்கு வந்ததும், அத்தையின் பேச்சு நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ரோடும் வயலும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. ஓரங்கட்டி நிறுத்தினேன். அவள் கண் விழித்ததும், இன்ஜின் சூடாகிவிட்டது என்று அளந்தேன்.

நேற்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். மடித்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"நான் தூங்கலங்க. நிறுத்துவீங்களான்னு பாத்தேன்."

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போகிறோம், பஸ்ஸில். காரை நீ வந்து எடுத்துக்கொள். பின்கதவை ஒரு தட்டுத் தட்டினால்தான் மூடும்.

நான் நிறுத்திவிட்டேன் என்பதை மட்டும் உன் பெண்ணிடம் சொல். அதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை.

மாமா