மான் காட்டில் தற்செயலாக

செப். 26, வெள்ளி

மழை. காலை வேலை. டேனிஷ் முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்யும் இரண்டு பேர் லீவு, என் முதுகு போச்சு.

அம்மா போன். ஞாயிறு மான் காட்டில் நடக்கப் போகிறோமாம். நடை! முழங்கால் வலி என்று பக்கத்து டோஸ்ட்ருப் கடைக்கே வராத மனுசி. கிண்டிக் கேட்க விஷயம் வந்தது. இஷொய் ஊர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று அதே நேரம் அங்கே தற்செயலாக வரும். மகன் எஞ்சினியர். வீட்டில் பெண் பார்த்துச் சரிவராவிட்டால் சனம் கதைக்கும், காட்டில் என்றால் யாருக்கும் தெரியாதாம். எனக்கு வயது 34. இது ஆறாவது தற்செயல்.

செப். 27, சனி

வெயில். செய்ய வேண்டியவை: அப்பாவின் மருந்து, சப்பாத்து கழுவ, சேலை கட்டமாட்டேன் என்று சொல்ல (சொன்னேன், சண்டை).

அம்மா மீன் ரோல்ஸ் பொரிக்கிறார். தற்செயலாகச் சந்திப்பவர்களுக்கு நாற்பது ரோல்ஸ். சாதகமும் பார்த்தாயிற்று. "இந்த முறையும் நீ வேண்டாமெண்டால் பிறகு நாங்கள் ஒருத்தரிட்டையும் போய் நிக்கேலாது" என்றார் அப்பா. வேண்டாம் என்றால் எனக்குத் திமிர். மூன்று முறை வாங்கிய பெயர். எரிச்சல், எரிச்சல்.

செப். 28, ஞாயிறு

குளிர், பனிப்புகார். காட்டுக்குள் போனதும் ஒரு கர்ஜனை. மாட்டுப் பண்ணை என்றார் அப்பா. ஆண்மான். சேறு பூசி, கொம்பில் புல் தொங்க நின்றது. பெண்மான்கள் திரும்பியும் பார்க்காமல் மேய்ந்தன. கெட்டிக்காரிகள். இஷொய்க் குடும்பமும் தற்செயலாக வந்து சேர்ந்தது.

மா.வின் (மாப்பிள்ளை, முழுதாக எழுதக் கை வராது) தாய், பாவம் பசியில் கத்துது என்று ரோல்ஸோடு கிட்டப் போனார். அது முட்ட வருவதுபோல் தலையைத் தாழ்த்தியது. சைக்கிளில் வந்த டேனிஷ் கிழவர் கத்தித் தடுத்து விளக்கம் சொன்னார். மொழிபெயர்க்க நான்.

"பசியில்லை அன்ரி. அது சோடி தேடுது."

இரண்டு குடும்பமும் நிலத்தைப் பார்த்தது.

பிறகு எங்களை முன்னால் நடக்கவிட்டார்கள். மா. மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒஸ்லோவில ஒராள் இருக்கிறா. அம்மாவுக்குப் பிரஷர், சொல்லேலாது. உங்களுக்கு விருப்பமில்லை எண்டு நீங்கள் சொல்லிவிடுங்கோ."

"ஏன், உங்களுக்கு வாயில்லையோ?"

மா. போனை நோண்டினார். திமிர் பட்டம் எனக்கு, நல்ல பிள்ளைப் பெயர் அவருக்கு. என்ன மனிசன்!

செப். 29, திங்கள்

மழை. வேலையில் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பின்னேரம் அம்மா அப்பா வீடு. இருவரும் என் வாயையே பார்த்தார்கள். "எனக்கு ஓம், சம்மதம்" என்றேன். அம்மா அழுதார். அப்பா உடனே இஷொய்க்குப் போன் எடுத்தார்.

இனி மா. வாயைத் திறக்கட்டும்.

மணி ஏழரை. திறக்கவில்லை. அவர் தாய் கல்யாண மண்டபம் விசாரிக்கிறாராம்.