இடக்கையில் மச்சம்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
12.02.1993

அன்புள்ள றோசின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். மூன்று நாளாகப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஆகையால் அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். இன்று காலை வியர்த்து விட்டிருக்கிறது. கஞ்சி குடித்தாள். நீங்கள் அங்கிருந்து பயப்படவேண்டாம், அதற்கு இங்கே நான் இருக்கிறேன்.

ஒக்டோபரில் நீங்கள் போட்ட கடிதம் போன கிழமைதான் செஞ்சிலுவைக் கப்பலில் வந்து சேர்ந்தது. அதிலே “உடனே பதில் போடும்” என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்கள். நாலு மாதம் கழித்து உடனே போடுகிறேன்.

பொம்மைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலையிலிருந்து உங்களைப் பூச்சு மேசைக்கு மாற்றியது எனக்குப் பெரிய ஆறுதல். கோயில் சுரூபங்களுக்குக் கண் எழுதின கை, பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தது மனதுக்கு ஒப்பவில்லை. பக்கத்து வீட்டு மக்டலீன் அக்காவிடம் சொன்னேன். கற்பனைக் கதைகளில் வரும் பறவைநாகம், சூனியக்காரன், தேவதை எல்லாவற்றையும் சாண் உயரத்தில் வார்த்து விற்கிறார்களாம், பெரிய ஆட்கள் வாங்கிக் கண்ணாடி அலுமாரியில் சேர்த்து வைக்கிறார்களாம் என்று.

“கும்பிடவோ?” என்றா.

“இல்லையக்கா, பாக்க.”

“கும்பிடாமல் சும்மா பாக்கிறதுக்கு என்னத்துக்கடி கண்ணாடி அலுமாரி? உன்ரை மனிசன் உனக்கு வடிவாச் சுத்துறான்.”

உங்கள் முதலாளி உப்பரசியை வார்க்க ஒத்துக்கொண்டார் என்ற இடத்தைப் பலதரம் வாசித்தேன். பல்கலைக்கழக வளாகத்தில் நாங்கள் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகைக்கு நான் எழுதி நீங்கள் படம் போட்ட கதை, ஜேர்மன்காரரின் அலுமாரிக்குப் போகப்போகிறது. அந்த ஐந்து இதழும் எண்பத்தேழாம் ஆண்டு இடம்பெயர்ந்தபோதே போய்விட்டன. ஆனால் எனக்கு மனப்பாடம். நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன்:

தலைமயிர் வெள்ளை. நரை வெள்ளை இல்லை, உப்பு வெள்ளை. வெயில் பட்டால் மினுங்கவேண்டும். உடுப்பு சாக்குத் துணி. அரசி என்று பட்டுப் போட்டுவிடாதீர்கள். பாதம் தெரியக்கூடாது, களப்புத் தண்ணீருக்கு மேலே புகைமாதிரித்தான் நிற்பாள். சிரிக்கமாட்டாள், ஆனால் கோபமும் இல்லை. இடக்கையில் மச்சம். அதை மட்டும் விட்டுவிடவேண்டாம், கதையே அதில்தான் நிற்கிறது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

றோசுக்கு இந்த மாதத்தோடு நாலு வயது. “அப்பாக்கு மீசை இருக்கோ?” என்று கேட்டாள். நீங்கள் போகும்போது இருந்தது. இப்போது என்ன சொல்ல? விளக்கு எண்ணெய் அடியில் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். எங்களை அங்கே எடுப்பிக்கிற அலுவல் எந்த அளவில் என்று மறக்காமல் எழுதுங்கள். குண்டு போட வருகிற பொம்மர் சத்தம் கேட்டால் பிள்ளை இப்போது அழுவதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

உங்கள்
அருமை

*

ஜேர்மனி
30.05.1993

அன்பின் அருமைக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பிள்ளையின் காய்ச்சல் இப்போது மாறியிருக்கும். மீசை இருக்கிறது என்று சொல்லும்.

உப்பரசி முடிந்துவிட்டாள். களிமண்ணில் பிடித்துக் காட்டினேன், முதலாளிக்குப் பிடித்துவிட்டது. முதல் வார்ப்பில் ஒன்றைக் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். அங்கிருந்து ஆராவது கிளாலிக் களப்பால் வள்ளத்தில் கொண்டுவரட்டும்.

இங்கே இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. கதைக்கு உருவம் உண்மையாய் இருக்கவேண்டும். போன மாதம் ஒரு கிழவன் ஒரு பறவைநாகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டான். கதைப்புத்தகத்தில் காலுக்கு ஐந்து நகமாம், நாங்கள் நாலு வைத்துவிட்டோமாம். நாலு பக்கத்துக்குக் கடிதம். எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. இல்லாத ஒன்றின் நகத்தை எண்ணி வைத்திருக்கிறானே என்று இருந்தது.

ஆகையால் நீர் எழுதினதை ஒன்றும் விடாமல் செய்தேன். இரண்டு இடத்தில் மட்டும் நான் சொன்னது எடுபடவில்லை. பாதம் இல்லாவிட்டால் பொம்மை நிற்காது என்று சப்பாத்துப் போட்டுவிட்டார்கள். சாக்குத் துணிக்குக் கரையில் தங்கப் பூச்சு. பெயரையும் கடல் தேவதை என்று மாற்றியாயிற்று.

ஆனால் மச்சம் நீர் சொன்னபடியே. நல்ல யோசனை அது. முந்தி நான் போட்ட படத்தில் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை, ஆனால் களப்பரசிக்குப் பொருத்தம். என்ன மச்சம் என்று நீர் எழுதவில்லை. நான் ஒட்டி மீன் ஒன்றை இடக்கையில் வைத்தேன். செதில் செதிலாகக் கீறி இரண்டு நாள் பிடித்தது. முதலாளி அதைத்தான் மெச்சினார்.

வக்கீல் தந்த படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். உமது உயரம், கண் நிறம், அடையாளக் குறி எல்லாம் கேட்டிருந்தது. உயரத்தை உத்தேசமாகப் போட்டேன். அடையாளம் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். ஆறு மாதத்தில் கூப்பிடுவார்கள் என்கிறார் வக்கீல்.

பிள்ளைக்கு என் முத்தம்.

அன்புடன்
நாயகம்

*

குருநகர்
03.10.1993

அன்புள்ள றோசின் அப்பாவுக்கு,

பொம்மை வந்து சேர்ந்தது. கொழும்புக்குப் போயிருந்த மக்டலீன் அக்காதான் கொண்டுவந்தா. கிளாலியில் இராத்திரி வள்ளத்தில் சோற்றுப் பானைக்குள்ளே சேலையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாவாம். “வள்ளம் கவிண்டால் உன்ரை மனிசன்ரை பொம்மையோடைதான் மிதக்கிறதெண்டு இருந்தனான்” என்றா. வவுனியாவில் ஒரு ஆமிக்காரன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாதாவா?” என்று கேட்டானாம். இவ ஓம் என்றுவிட்டா.

மயிர் நான் நினைத்தபடியே இருக்கிறது. வெயிலில் வைத்துப் பார்த்தேன், மினுங்குகிறது. முகமும் சரி. சிரிக்கவும் இல்லை, கோபமும் இல்லை. அதை வேறு ஒருவராலும் செய்யமுடியாது. சப்பாத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பொம்மை என்றால் நிற்கத்தானே வேண்டும்.

மச்சத்தைப் பற்றித்தான். எப்படி எழுதுவது என்று இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கினேன், கொப்பித்தாளும் வீண்.

நான் மீனைச் சொல்லவில்லை. ஊரில் மீன் இறைச்சியை மச்சம் என்கிறோம்தான். பிழை என்னுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள், கறுத்த மச்சம் என்று விளங்க எழுதியிருக்கவேண்டும். உங்களுக்கு எழுதுகிறேன் என்ற நினைப்பில் விட்டுவிட்டேன்.

கதை உங்களுக்கு மறந்திருக்கும். ஆறு வருடமாகிறது. சுருக்கிச் சொல்கிறேன். மாரி பெய்தால் உப்பரசி கரைந்துபோவாள். கோடையில் களப்பு வற்றத் திரும்ப விளைவாள், ஆனால் ஒவ்வொரு தரமும் வேறு முகத்தோடு. அவளைத் தேடிவருகிற வலைகாரன் முகத்தைப் பார்ப்பதில்லை. இடக்கை மணிக்கட்டைப் பார்ப்பான். அங்கே இருக்கிற மச்சம் ஒன்றுதான் கரையாதது. அதைக் கண்டால் இவள்தான் என்று கையைப் பிடிப்பான்.

முதல் படத்தைப் போட்ட அன்று வளாக நூலகப் படிக்கட்டில் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துத்தான் அந்தப் புள்ளியை வைத்தீர்கள். நமக்குக் கலியாணம் பேசுவதற்கு முன்பு. அதற்குப் பிறகுதான் நான் கதையின் மற்றப் பாதியை எழுதினேன்.

பரவாயில்லை. அந்தக் கிழவன்மாதிரி நான் திருப்பி அனுப்பப் போவதில்லை, நான் காசு கொடுத்து வாங்கவும் இல்லை. பிள்ளைக்கு அந்த மீன்தான் விருப்பம். பொம்மைக்குப் பெயர் மீன்காரி. “அப்பா செய்தது” என்று சொல்லிக்கொண்டு அதன் வாயில் சோறு தீத்துகிறாள்.

எனக்கு இப்போது நித்திரை இல்லாததற்குக் காரணம் வேறு. எண்பத்தொன்பதில் எடுத்த என் பாஸ்போட்டில் அடையாளக் குறி என்ற இடத்தில், இடக்கை மணிக்கட்டில் மச்சம் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் படிவத்தில் ஒன்றும் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். வக்கீலிடம் தயவுசெய்து உடனே கேளுங்கள். சின்ன விசயம் என்று விட்டுவிடாதீர்கள். நகம் ஒன்று குறைந்தாலே திருப்பி அனுப்புகிற நாடு என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

உங்கள்
அருமை

*

ஜேர்மனி
18.06.1994

அருமைக்கு,

பதில் பிந்திவிட்டது. உமது கடிதம் மாசியில்தான் வந்தது. அதற்கு முன்னமே படிவம் திரும்பி வந்துவிட்டது. பாஸ்போட் பிரதியில் ஒன்று, படிவத்தில் ஒன்று, இவர் தன் மனைவியைத்தான் கூப்பிடுகிறாரா என்று சந்தேகம் என்று எழுதியிருக்கிறார்கள். வக்கீல் மேசையில் அடித்துச் சொன்னார், “உம்முடைய மனைவியின் கையை நீர் பார்த்ததே இல்லையா?” என்று. மொழிபெயர்க்க வந்த எங்கடை பொடியன் அதைத் தமிழில் சொல்லவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

புதுப் படிவம் போட்டிருக்கிறேன். வரிசை திரும்ப முதலிலிருந்து.

நான் உம்மை நினைக்காமல் இல்லை. ஆனால் நினைத்தால் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிற கலியாணப் படம்தான் வருகிறது. அதில் உம்முடைய கை இரண்டிலும் வெள்ளைக் கையுறை. நாளுக்கு அறுபது முகத்துக்குக் கண் எழுதுகிறேன். இரவு வந்து படுத்தால் எந்த முகம் எது என்று தெரியாமல் போகிறது. இதைவிட எப்படிச் சொல்லுகிறதென்று எனக்குத் தெரியவில்லை.

பொம்மையைத் திருத்த முடியாது. அச்சு ஓடிவிட்டது. இரண்டாயிரம் வார்த்து விற்றாயிற்று. எல்லாவற்றின் கையிலும் மீன்தான்.

புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பும். கை தெரியத்தக்கதாக.

நாயகம்

*

சாவகச்சேரி
26.11.1995

றோசின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்குமோ தெரியாது. வவுனியாவுக்குப் பாஸ் கிடைத்த ஒரு சிஸ்டரிடம் கொடுத்துவிடுகிறேன். நாங்கள் இங்கே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பதினொரு குடும்பத்தோடு இருக்கிறோம். நானும் பிள்ளையும் உயிரோடு.

ஒக்டோபர் முப்பதாம் திகதி, ஆமி கிட்ட வந்துவிட்டதென்று எல்லாரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஒரு இரவும் பாதிப் பகலும். மழை. ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம். பிள்ளையின் கையை என் சேலைத் தலைப்பால் என் கையோடு கட்டியிருந்தேன். பாஸ்போட்டும் மற்றக் கடதாசிகளும் இருந்த பையை எங்களோடு வந்த யாகப்பு அண்ணையின் சைக்கிளில் தொங்கவிட்டிருந்தேன். அவரையும் சைக்கிளையும் அதற்குப் பிறகு காணவில்லை. மக்டலீன் அக்கா வரவில்லை. “நான் கிளாலியே கடந்தனான், இனி ஒண்டும் கடக்கமாட்டன்” என்று வீட்டிலேயே இருந்துவிட்டா.

நீங்கள் கேட்ட படத்தை நான் எடுக்கவில்லை. அந்த ஒரு வருடமும் நாளைக்கு எடுக்கலாம் என்றுதான் இருந்தேன். படம் பிடிக்கிறவரிடம் போய், கை தெரிய எடுங்கோ என்று எப்படிச் சொல்வது என்று ஒரு வெட்கம். இது என் பிழை. உங்களுடையதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடுப்பு எடுக்கவில்லை, பிள்ளை பொம்மையை எடுத்துவிட்டாள். பாலத்தில் நெரிபட்டு அந்த மீன் உடைந்து போனது. உடைந்த இடம் உள்ளே வெள்ளை. இங்கே வந்து இரண்டு நாள் அதற்காகவே அழுதாள். மூன்றாம் நாள் அடுப்படியில் ஒரு கரித்துண்டை எடுத்து அந்த வெள்ளையில் ஒரு புள்ளி வைத்தாள். “என்னடி செய்யிறாய்?” என்றேன். “அம்மான்ரை கையிலை இருக்கிற மாதிரி” என்றாள். நான் அந்தக் கதையை அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

புதுப் படிவத்தில் இந்த முறை அடையாளத்தைச் சரியாகப் போட்டிருப்பீர்கள். நான் எழுதித் தந்ததுதானே. ஆனால் இனிப் பாஸ்போட் இல்லை, அதனால் எனக்காக வரிசையில் நிற்கவேண்டாம். பிள்ளைக்கு மட்டும் புதிதாக ஒரு படிவம் போடுங்கள். என்னால் கொழும்புவரை கொண்டுவந்து விட முடியும், அல்லது ஆராவது கொண்டுவருவார்கள். நீங்கள் விமான நிலையத்தில் அவளை அடையாளம் காணவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஒன்றும் விடாமல் வாசியுங்கள்:

றோஸ். பிறந்தது எண்பத்தொன்பது மாசி. தலைமயிர் சுருள், வலப்பக்கம் இரட்டைச் சுழி. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, நீங்கள் காணும்போது முளைத்திருக்கும், அதை நம்பவேண்டாம். வலது முழங்காலில் பதுங்கு கிடங்குக்குள் பாய்ந்தபோது பட்ட தழும்பு, அரைச் சந்திரன் மாதிரி. இடது காதுச் சோணைக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு மறு. கறுப்பு இல்லை, மண்ணிறம். மறு என்றே எழுதியிருக்கிறேன், மச்சம் என்று எழுதவில்லை.

கூட்டத்தில் சத்தம் கேட்டால் அழமாட்டாள், உங்கள் விரலைத் தேடிப் பிடிப்பாள். சுண்டுவிரலை.

கரி நிற்பதில்லை. பொம்மையைப் பக்கத்தில் வைத்துப் படுப்பாள், விடிய அழிந்திருக்கும். ஒவ்வொரு காலையும் என் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள். இப்போதும் பக்கத்தில் இருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். இடக்கை அவளிடம் இருக்கிறது, வலக்கையால் எழுதுகிறேன்.

இங்கே விலாசம் என்று ஒன்று இல்லை.

றோசின் அம்மா,
கி. அருமைநாயகி