ஒட்டகத்தை வரைந்த பிள்ளை

ஷார்ஜா,
9 செப்டம்பர் 2025

அன்பின் செல்லம்,

நீயும் மகேசனும் மகன் வினோஜனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் பற்றி எரிகிறது. போனில் சொன்னால் உனக்குப் பாதி கேட்காது, மீதியை மகேசனிடம் கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

நம்முடைய 'ஒட்டகக் குட்டி'க்கு இந்த நவம்பரில் பதினைந்து வயது. துபாயில் வளர்கிற ரஷ்ய, உக்ரைன் பிள்ளைகளுக்கு ரஷ்ய மொழியில் ஒரு பத்திரிகை என்று லரிசா தொடங்கியபோது, உக்ரைனில் கார்கிவ் நகரில் ஒரே ஹாஸ்டலில் இருந்து படித்த இரண்டு யாழ்ப்பாணத்துக்காரிகளைத் தவிர அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. நீ பிள்ளைகளின் கடிதங்களைப் பார்த்தாய், நான் பக்கம் கட்டினேன். நீ பஹ்ரைனுக்குப் போனதும் அந்தக் கடிதங்களையும் என் தலையில் கட்டினாய். சிறப்பு மலருக்குப் பத்திரிகையின் வரலாற்றை எழுதித் தா என்று லரிசா கேட்டபோது எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

எழுதினேன். முதல் இதழுக்கு ஒட்டகத்தை வரைந்தது ஒக்சானா என்று எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா? எட்டு வயது, முன்பல் விழுந்த பிள்ளை, கார்கிவ்காரி. ஒட்டகத்துக்கு மழைச் சப்பாத்துப் போட்டு வரைந்தாள். ஏனென்று கேட்டதற்கு, எங்கள் ஊருக்கு வந்தால் அது சேற்றில் நடக்க வேண்டுமே என்றாள். இன்றைக்கும் முதல் பக்கத்தில் நிற்பது அந்த ஒட்டகம்தான்.

லரிசா அந்தப் பந்தியை முழுக்க வெட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ரஷ்யா-உக்ரைன் யுத்தம் தொடங்கிய பிறகு ஒரு பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு ஊரின் பெயர் ஆகாது, மறுபக்கத்தாருக்கு மற்ற ஊர் ஆகாது. ஆகவே ஒரு ஊரும் வேண்டாமாம். பிள்ளைகளின் படங்களுக்குக் கீழே பெயர், வயது, ஊர் என்று போடுகிற வழக்கம் நீ கொண்டுவந்தது. எந்த ஊர் என்று கேட்காமல் ஒரு பிள்ளையோடு கதைக்க நமக்குத் தெரியாதே. மலரில் அந்த ஊர்களையும் எடுத்துவிடப் போகிறாராம். ஒட்டகத்தை 'அலுவலக ஓவியர்' வரைந்தார் என்று போட வேண்டுமாம். யாரடி அந்த ஓவியர்?

இன்னும் கேள். "நீ ரஷ்யாவும் இல்லை, உக்ரைனும் இல்லை. உன் கையெழுத்து இருந்தால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள்" என்றார். என் பெயர் என்ன, மேசை துடைக்கிற துணியா?

உன்னுடைய
சுகந்தா


ஈசா டவுன்,
பஹ்ரைன், 14 செப்டம்பர் 2025

அன்பின் சுகந்தா,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உனக்கு அந்த நாளிலிருந்தே மூக்கு நுனியில் கோபம். ஹாஸ்டலில் சூப்பில் உப்பில்லை என்று வார்டனோடு மல்லுக்கட்டியவள் அல்லவா நீ?

கொஞ்சம் நிதானமாக யோசி. விசா அவருடைய கையில். இந்த வயதில் உனக்கு விசாவுக்குப் பொறுப்பு நிற்கப் புதுக் கஃபீல் எங்கே கிடைப்பான்? அது சின்னப் பிள்ளைகளின் பத்திரிகை, நீதிமன்றம் இல்லை. பத்திரிகையில் ஒரு பெயர் வந்ததற்காக ஊரில் என்னென்ன நடந்தது என்று நாம் பார்த்தவர்கள்தானே? ஒக்சானாவுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. ஒட்டகம் வரைந்ததே அவளுக்கு நினைவிருக்காது. லரிசா கேட்டபடி எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு.

மகேசன் உன்னை விசாரித்தார். வினோஜனுக்கு இன்னும் வேலை அமையவில்லை.

அன்புடன்
செல்லம்


ஷார்ஜா,
20 செப்டம்பர் 2025

அன்பின் செல்லம்,

நீ இப்படி எழுதுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. ஊரில் நடந்ததைப் பார்த்தவர்கள் என்பதால்தான் எனக்கு இவ்வளவு சினம். நம்முடைய ஊர்ப் பெயர்களை மற்றவர்கள் அழித்தபோது எப்படிக் கொதித்தோம்? இன்னொருத்தியின் ஊரை அழிக்க நாமே ரப்பரைத் தூக்கிக் கொடுப்பதா?

லரிசாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். சத்தம் போடுவார் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டு, பரவாயில்லை, வேறு ஆள் இருக்கிறது என்றார். தொடக்கத்திலிருந்து இருந்தவர்கள் நாம் மூன்று பேர்தான். உன்னிடம் வந்தாலும் வருவார். நீ ஒப்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உன்னுடைய
சுகந்தா


ஈசா டவுன்,
12 அக்டோபர் 2025

அன்பின் சுகந்தா,

உனக்கு யாரும் சொல்ல முன்னம் நானே சொல்கிறேன். வரலாற்றை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மகேசனுக்கு டிசம்பரோடு வேலை முடிகிறது, நாங்கள் இருவரும் ஊருக்குத்தான். வினோஜனை என்ன செய்வது? ஒன்றரை வருசமாக அவன் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. லரிசா தானாகத்தான் போன் எடுத்தார். விளம்பரப் பகுதியில் வேலையும் தந்து விசாவும் எடுத்துத் தருகிறாராம். ஒரு ஒட்டகத்துக்காக என் பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாயா?

நான் பொய் ஒன்றும் எழுதவில்லை. சிலதை விட்டேன், அவ்வளவுதான். அந்த ஓவியர் வரியை லரிசா கேட்டார், போட்டேன். உனக்குப் பிள்ளை இல்லை, சுகந்தா. இருந்திருந்தால் நீயும் என்னைப் போலத்தான் செய்திருப்பாய். பெரிய நியாயக்காரியாக நின்று என்னைப் பார்க்காதே.

செல்லம்


ஷார்ஜா,
18 நவம்பர் 2025

செல்லம்,

மலர் வந்தது. வாசித்தேன். ரஷ்ய மொழியில் நீ எழுதினால் ஒரு சொல்லும் இடறாது, இதிலும் இடறவில்லை. கட்டுரையின் முடிவில் உன் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'யாழ்ப்பாணம், இலங்கை' என்று போட்டிருக்கிறார்கள். மலரிலே பிள்ளைகளின் ஊரெல்லாம் போய், உன்னுடைய ஊர் மட்டும் நிற்கிறது. கண்டறியாத மலர், இதுவும் ஒரு மலராம்.

பிள்ளை இல்லாதவள் என்று எழுதினாய். ஓம், இல்லை. அதை என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் எத்தனையோ பேர். இவ்வளவு காலமும் நீ சொல்லாதிருந்தாய், அதனால்தான் உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

வினோஜன் திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். பயந்துபோய் நின்றான். கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்து, எங்கே என்ன இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தேன். அவனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன், டிசம்பர் கடைசியில் கொழும்புக்குப் போகிறேன்.

போன கிழமை ஒக்சானா எழுதியிருந்தாள். வார்சாவில் ஓவியம் படிக்கிறாளாம். கார்கிவில் அவர்களுடைய வீடு இப்போது இல்லை, தாயும் அவளோடுதான் இருக்கிறார். "மலரில் என் ஒட்டகத்தைப் பற்றி எழுதியிருப்பீர்கள்தானே? அம்மாவுக்குக் காட்ட ஒரு பிரதி அனுப்புங்கள்" என்று கேட்கிறாள்.

நான் அனுப்பமாட்டேன். வரலாற்றை எழுதியவள் நீ. அவளுடைய கடிதத்தையும் முகவரியையும் இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பதிலையும் நீயே எழுது. எனக்கு இனி எழுத வேண்டாம்.

சுகந்தா