நாற்பதாவது குடத்தைத் திறந்த பிழை

மலை வாழ்க, மலைமேல் பொழியும் மழை வாழ்க, அம்மழையில் நனையும் குடிகள் யாவரும் வாழ்க. ஏழாற்று நாட்டைத் தம் குடைநிழலில் காத்துவரும் கோளரிவேந்தரின் திருவுளப்படி, அவருடைய பண்டகசாலை நாயகம் சேந்தன் கொற்றனார் சொல்ல, ஓலைக்காரன் நக்கன் பொறையன் எழுதியது. அரண்மனைத் திருமுழுக்குக்குத் தேனும் திருவிளக்குக்கு மெழுகும் ஏழு தலைமுறையாகத் தந்து, ஒருநாளும் சொல் தவறாத நெடுவரை ஐந்தூர் அவையோர் திருமுன் இவ்வோலை பணிந்து வைக்கப்படுகிறது.

இதில் சொல்லப்படுவதில் பாதியை அவையோர் அறிவர். அறிந்தவர்களிடமே மறுபடி சொல்வது எதற்கென்றால், பிழை செய்த வாயே அதைச் சொல்லியாக வேண்டும் என்பது வேந்தர் ஆணை. நாயகம் சொல்ல வந்ததை மென்று விழுங்கிய இடங்களில் எல்லாம் ஓலைக்காரன் எழுத்தாணியை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் எதுவும் விடுபடவில்லை.

ஐந்தாண்டுகளுக்கு முன் நாயகம் பதவி ஏற்ற புதிதில் அவருக்கு இருந்த மிடுக்கு கொஞ்சநஞ்சமன்று. வாசலில் கண்கொத்திப் பாம்பாக நின்று, நெல்லில் ஈரம் பார்த்தார், எண்ணெயில் வண்டல் பார்த்தார், சரக்குக் கொண்டுவந்தவர் எவரையும் கள்ளரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்த ஆவணியில்தான் நெடுவரையின் நாற்பது குடங்கள் இறங்கின. முப்பத்தொன்பதைச் சுமையாட்கள் சுமந்துவர, வாய்க்கு மெழுகிட்டு வேங்கைப்பூச் சுற்றிய நாற்பதாவது குடத்தைத் தாய்ப்பாறைக் காவல் நீலி நங்கை தம் தலையில் வைத்துக் கொண்டுவந்தார். முந்தைய நாயகம் அந்தக் குடத்துக்கு மட்டும் எழுந்து நின்று, இரு கையாலும் வாங்கி, நடுக்கூடத்துப் பலகையில் வைப்பது வழக்கம். புதியவர் எழவில்லை. குத்தூசியால் மெழுகைக் கிழித்துக் கையை உள்ளே விட்டார். குடம் வெறுமையாக இருந்தது.

அது வெறுங்குடம் அன்று என்றும், எத்தனை பாறையில் தேன் எடுத்தாலும் தாய்ப்பாறையில் தம் மக்கள் கை வைப்பதில்லை என்றும், அங்கிருந்து பிரிந்து போகும் ஈக்கூட்டமே மற்றப் பாறைகளில் அடை கட்டுகிறது என்றும், அப்பாறை தொடப்படவில்லை என்பதற்கு அடையாளமாகவே அக்குடம் ஆண்டுதோறும் வருகிறது என்றும் நீலி நங்கை பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். நாயகம் கேட்டுச் சிரித்தார். தேன் எடுக்காத பாறைக்குக் குடம் எதற்கென்று கேட்டார். ஒரு திங்களுக்குள் நாற்பதாவது குடமும் நிறைந்து வராவிட்டால் மலைக்குப் போகும் உப்பும் இரும்பும் நின்றுபோகும் என்று, ஓலைக்காரன் கையாலேயே எழுதுவித்தார். ஒரு சொல்லும் மறுத்துரைக்காமல் அதை எழுதியதை ஓலைக்காரன் இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறான்.

குடம் நிறைந்து வந்தது. நாயகம் விரலால் தொட்டுச் சுவைத்து, நாற்பதிலும் இதுவே இனிப்பு என்று எல்லோர் காதும் கேட்கச் சொன்னார். அவருடைய கூர்த்த பார்வையை மெச்சி வேந்தர் பொற்காப்பு அணிவித்தார். அடுத்த நான்காண்டும் நாற்பதும் நிறைந்தே வந்தன. நிறைத்தவர்கள் எதைச் சுரண்டி நிறைத்தார்கள் என்று பண்டகசாலையில் ஒருவரும் கேட்கவில்லை.

இவ்வாண்டு நாற்பதும் வெறுங்குடமாக வந்தன. இட மெழுகின்றி, வாய்க்குத் தேக்கிலை கட்டியிருந்தது. நாயகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. இளவரசியாரின் முடிசூட்டு விழா தையில் இருக்க, தேன் இல்லையென்று எந்த முகத்தோடு வேந்தரிடம் சொல்வது என்று குதித்தவர், இருபது வேல்வீரரையும் ஓலைக்காரனையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். கேட்கும் கேள்வியில் மலையே அதிரும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தாய்ப்பாறையின் அடியில் நின்று அவர் அண்ணாந்து பார்த்தார். பாறை முழுவதும் பழைய அடைகளின் கறுப்புத் தடம் இருந்தது. ஓர் ஈயின் ஓசைகூட இல்லை. நீலி நங்கை சினக்கவில்லை. வந்தவர்களை உட்காரவைத்துத் தினைமாவு தந்தார். தேன் சேர்க்காமல் விருந்தினர்க்குத் தினைமாவு தருவது இம்மலையில் இதுவே முதல்முறை என்றும், பிழை பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார். நாயகம் அந்த மாவை உண்ணாமல் கீழே வைத்தார்.

பின்னர் நீலி நங்கை ஒரு கொடிக்கயிற்றைக் கொண்டுவந்து காட்டினார். தேன் எடுக்க இறங்குபவனின் கயிற்றை அவன் உடன்பிறந்தாள் பிடிப்பது மலைவழக்கம். மற்றப் பாறைகளில் பாட்டன் காலத்திலிருந்து கால்வைத்துப் பழகிய பிடிப்புகள் உண்டு. தாய்ப்பாறையிலோ எவரும் இறங்கியதே இல்லையாதலால் ஒரு பிடிப்பும் இல்லை. நாயகம் தவணை கொடுத்த அந்தத் திங்களில், அடைமழையில், நீலி நங்கையின் தம்பி கடுவன் அதில் இறங்கினார். குடத்துக்கு வேண்டிய தேனை மேலே அனுப்பிவிட்டு, தாம் ஏறும்போது கால் வழுக்கினார். பாறையின் கூர்விளிம்பில் கயிறு அறுந்தது. கயிறு தம் கையில்தான் இருந்ததென்றும், ஆள்தான் இல்லையென்றும் நீலி நங்கை சொன்னார்.

எந்தக் குடத்தை விரலால் தொட்டு இனிப்பென்று சொன்னாரோ, அந்தக் குடம் அது. நாயகம் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வீரர்கள் வேல்களைத் தாழ்த்திக்கொண்டார்கள். அன்றுமுதல் அவர் தேனைத் தொடுவதில்லை. பாலில் கலந்து வந்தாலும் மணம் கண்டு விலக்கிவிடுகிறார்.

திரும்பியதும் பொற்காப்பைக் கழற்றி வேந்தர் அடியில் வைத்து, பதவியிலிருந்து விடுவிக்க வேண்டினார். ஓடிப்போவது எளிதென்றும், இருந்து சுமப்பதே தண்டனையென்றும் வேந்தர் மறுத்துவிட்டார். காப்பை அணிவித்த கையும் குற்றமுடையதே என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னதை ஓலைக்காரன் கேட்டான்.

ஆகவே வேந்தர் ஆணையாகப் பண்டகசாலை வாசற்கல்லில் வெட்டப்பட்டது யாதெனில்: ஐந்தூர் அவை தானே வாய் திறக்கும்வரை நெடுவரையில் ஒரு துளித் தேனும் கேட்கலாகாது. தேன் வந்தாலும் வராவிட்டாலும் மலைக்குச் செல்லும் உப்பும் அரிசியும் இரும்பும் துணியும் நிற்கலாகாது. இக்குறையை ஈடுகட்ட வேறொரு மலையை நெருக்கலாகாது; இளவரசியாருக்கு ஆற்றுநீரால் முழுக்குச் செய்தால் போதும், அவரும் அதையே விரும்பினார். இனி அரண்மனைக்கு எப்பொருள் வாங்குவோரும் அப்பொருள் எடுக்கப்படும் இடத்தில் ஒருமுறை போய் நின்று பார்த்த பின்னரே வாங்குக. நாற்பதாவது குடம் என்று வருகிறதோ, அன்று நாயகம் வாசலில் எழுந்து நின்று வாங்குக.

வைகாசியில் கூடும் அவை, அரண்மனைக்கு இனித் தேன் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் என அறிகிறோம். முதற்சொல் நீலி நங்கையுடையதாகுக. அவர் வேண்டாம் என்றால் அதுவே முடிவு. அதை எதிர்த்து இங்கிருந்து ஓலை வராது.

இவ்வோலையில் இலச்சினை இல்லாததை அவையோர் கண்டிருப்பர். இலச்சினையிட ஒரே ஒரு மெழுகு உருண்டை எஞ்சியிருந்தது. அது கடுவன் தேனோடு மேலே அனுப்பிய அடையிலிருந்து உருக்கி, அந்தக் குடத்தின் வாய்க்கு இட்டிருந்தது. அதை உருக்க நாயகத்துக்குக் கை எழவில்லை. பழைய மெழுகைப் பாறையில் தேய்த்தால் ஈக்கள் மணம் அறிந்து திரும்பும் என்று மலையில் கேட்டதனால், அவ்வுருண்டையை இத்துடன் நீலி நங்கைக்கே அனுப்புகிறோம்.

இலச்சினை இல்லாத ஓலை இந்நாட்டில் செல்லாது. எனவே கல்லில் வெட்டிய ஆணை மட்டும் செல்லும். இதிலுள்ள மன்னிப்பு வேண்டல் செல்லாது. தாய்ப்பாறையில் ஈக்கள் அடை கட்டி, ஐந்தூராருக்கும் மனம் வந்து, அந்தப் புது அடையின் மெழுகில் ஒரு துளியை நீலி நங்கை இவ்வோலைமேல் வைக்கும் நாளில் அவ்வேண்டல் செல்வதாகுக. அதுவரை குற்றவாளியாகவே, சேந்தன் கொற்றன்.